மஞ்சள் பெயிண்ட் வைத்த நட்டு

எங்கள் காரில் இழுவை இல்லை என்று நான் சொன்னால், கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் என் காலைத்தான் பார்ப்பார்கள். பானெட்டைத் திறக்க மாட்டார்கள். செருப்புப் போட்ட என் வலது காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கியரை எப்பங்க மாத்தறீங்க?" என்பார்கள். நாமகிரிப்பேட்டையில் டீசல் போடுகிற ஆளில் ஆரம்பித்து என் கொழுந்தனார் வரை இந்தக் கேள்வியைக் கேட்காதவர் யாரும் பாக்கியில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பேரன் பேத்தி எடுக்கப் போகிற வயசில் ஸ்டீயரிங் பிடித்தவள் நான். வராத வித்தையை வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரிகிறோமோ என்று ராத்திரி படுத்தால் அதே யோசனையாக இருக்கும்.

கார் பழசு. டர்போ வைத்த டீசல் கார். கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறு பார்க்க இடமே இல்லாத காலத்து வண்டி. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டி, பிறகு சொந்தமாக லாரி வைத்து, போதும் என்று அதை விற்றுவிட்டு மரவள்ளியும் மஞ்சளும் போட்டுக்கொண்டு காட்டோடு உட்கார்ந்தபோது ஆசைப்பட்டு வாங்கியது. அவர் ஓட்டும்போது அந்த வண்டி ராசிபுரம் ரோட்டு ஏற்றத்தில் மூன்று மூட்டை மஞ்சளோடும் மூச்சு வாங்காமல் ஏறும். இதை ஊரே பார்த்திருக்கிறது. அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு நட்டை இறுக்கினால் நட்டிலிருந்து போல்ட் வரைக்கும் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். ஓட்டத்தில் நட்டு தளர்ந்து திரும்பினால் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். மற்றவர்கள் அதைச் சக்கரத்தோடு விட்டுவிடுவார்கள். இந்த மனுஷன் ஒரு மஞ்சள் பெயிண்ட் டப்பாவை வைத்துக்கொண்டு வீட்டையே விடவில்லை. கிரைண்டரில் மஞ்சள் கோடு, கிணற்று மோட்டாரில் மஞ்சள் கோடு, என் தையல் மெஷினில் மஞ்சள் கோடு. எங்கள் கட்டில் காலில்கூட இருக்கிறது. வருகிறவர்கள் அதை ஏதோ சாங்கியம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

சர்க்கரை அவர் கண்ணுக்கு ஏறிவிட்டது. இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, சாவியைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். கார் கொட்டகையில் தூசி படிந்து நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் கொழுந்தனாரைக் கெஞ்ச வேண்டும். எனக்குக் கெஞ்சுவது ஆகாது. ராசிபுரத்தில் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன். "நீயா?" என்று மட்டும் கேட்டார். தடுக்கவில்லை. லைசென்ஸ் வாங்கி வந்து எங்கள் வண்டியை நானே வெளியே எடுத்த முதல் நாளிலிருந்தே அதில் இழுவை இல்லை.

"அண்ணன் ஓட்டறப்பப் பறந்த வண்டிங்க அண்ணி இது" என்பார் கொழுந்தனார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? வண்டி அதே வண்டி. கால்தானே மாறியிருக்கிறது.

ஊரெல்லாம் என் காலைக் குற்றம் சொன்னபோது என் வீட்டுக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "மெல்ல, மெல்ல" என்பதோடு சரி. அவர் வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து ரப்பர் மேட்டில் ஓட்டையே விழுந்துவிட்டது. இருந்தாலும் ஒரு வார்த்தை குறை சொன்னாரா, நல்ல மனுஷன், என்று நான் நினைத்துக்கொண்டேன். அட என் புத்தியே!

என் மகளுக்குக் கட்டுச்சோறு விருந்துக்கு நாள் குறித்தபோதுதான் எல்லாம் முற்றிற்று. எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டி வருவதற்கு, அம்மா வீட்டிலிருந்து வகைவகையாகச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு போய், விருந்து வைத்துத்தான் கூட்டி வர வேண்டும். மருமகனுக்கு ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை. அங்கேதான் குடித்தனம். மகளோ மாசமான நாளிலிருந்து வாந்தியில் துவண்டுபோயிருந்தாள். ஒருதரம் வாடகைக் காரில் மலை இறங்கியவள் பாதி வழியில் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாளாம்.

"அம்மா, நீயே ஓட்டிக்கிட்டு வா" என்று போனில் சொன்னாள். "அந்த டிரைவரு வளைவுல ஒடிக்கிற ஒடிப்புல கொடலே வெளிய வந்துருது. நீ ஓட்டுனா எனக்கு ஒண்ணும் பண்றதில்லம்மா."

இந்த உலகத்தில் என் காலை நம்பிய ஒரே ஜீவன் அது. அதற்காகவாவது அந்த மலையை நான் ஏறியாக வேண்டும். ஆனால் ராசிபுரம் ரோட்டு ஏற்றத்திலேயே முக்குகிற கார், சோற்று அண்டாக்களை வைத்துக்கொண்டு ஏற்காட்டு மலையை எப்படி ஏறும்? பாதி வளைவில் நின்று பின்னால் உருண்டால்?

"வாடகைக் கார் சொல்லிரலாம் புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

"என்ற மக வரச் சொன்னது என்னைய. நாந்தான் போவேன்" என்றேன்.

எங்கள் ஊர் லாரி மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டேன். லாரி ஊர்களில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். லோடு வண்டி ஏற்றத்தில் திணறினால் பம்பில் டீசலைக் கூட்டிவிடுவார்கள். "பம்ப்பை ஏத்திரலாங்க்கா, பறக்கும் பாருங்க" என்றார். ஏற்றினார். பறந்தது புகைதான். பின்னால் வெள்ளை வேட்டியில் பைக்கில் வந்த ஒரு பெரியவர் என்னை முந்திப் போய்த் திரும்பி முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இழுவை மட்டும் முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த நாளே சேலம் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. மல்லூர் தாண்டி மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே ரோடு காலி. முந்திப் போய்விடலாம் என்று வலது பக்கம் ஒடித்து அழுத்தினேன். கார் கரும்புகையைக் கக்கியதே தவிர நகரவில்லை. லாரியின் பாதி நீளம்கூடத் தாண்டியிருக்க மாட்டேன், எதிரே பஸ் வந்துவிட்டது. லைட்டை அடித்துக்கொண்டு வருகிறான். இன்னும் அழுத்துகிறேன், ம்ஹூம். கடைசியில் பிரேக்கைப் போட்டு லாரிக்குப் பின்னால் வந்து ஒண்டினேன். பஸ் காற்று காரை ஆட்டிவிட்டுப் போயிற்று. பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர் என் இடது கையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். 

வீட்டுக்கு வந்து அழுதுவிட்டேன். நான் லேசில் அழுகிறவள் அல்ல. "ஊரு சொன்னது நெசந்தானுங்க. எனக்கு ஓட்டத் தெரியல. வயித்துப் புள்ளக்காரிய ஒக்கார வெச்சுக்கிட்டு இந்த மாதிரி ஆயிருந்தா? வாடகைக் காரே சொல்லிருங்க" என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று அதற்கும் ஒரு மூச்சு அழுதேன்.

காலையில் காபி கொடுக்கும்போது அவராகச் சொன்னார். "சேலத்துல டர்போ மட்டும் பாக்கற பட்டறை ஒண்ணு இருக்குது. அங்க போலாம் புள்ள."

"எதுக்கு? அவரும் என்ற கால்ல பாக்கறதுக்கா?"

"வண்டியப் பாக்கட்டும். போலாம்" என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. பஸ்ஸைப் பார்த்த பயம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்தேன்.

பட்டறைக்காரருக்கு எங்கள் வயசுதான் இருக்கும். சுவரில் மாதா படம், அதற்குப் பிளாஸ்டிக் மாலை, பக்கத்தில் ஸ்பேனர்கள் வரிசையாக. நான் கதையெல்லாம் சொல்லி முடித்தேன். எப்போது என் காலைப் பார்ப்பார் என்று காத்துக்கொண்டே சொன்னேன். அவர் பார்க்கவில்லை. "வாங்கம்மா, ஓட்டிப் பாத்துடலாம்" என்றார். அப்போதே அந்த மனுஷன் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

டர்போ என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இன்ஜினிலிருந்து வெளியேறுகிற புகை ஒரு காற்றாடியைச் சுற்றுகிறது. அந்தச் சுற்றில் இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் அழுத்தி ஊதுகிறது. நாம் அடுப்பை ஊதுகுழலால் ஊதுகிற மாதிரிதான். அந்த ஊதுகிற அழுத்தத்துக்குப் பெயர்தான் பூஸ்ட். அளவுக்கு மேல் ஊதினால் இன்ஜின் தாங்காது என்பதால் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. காற்று வேண்டிய அளவு ஏறியதும், ஒரு கம்பி அந்தக் கதவைத் தள்ளித் திறந்து மிச்சப் புகையை வேறு வழியாக விட்டுவிடும்.

காற்றுக் குழாயில் அழுத்தத்தை முள்ளால் காட்டுகிற ஒரு கேஜை மாட்டி, வயரை இழுப்பது மாதிரி அதன் டியூபை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, பட்டறைக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் பின் சீட்டில். பைபாஸில் ஏறினோம். "மூணாவது கியர்ல வெச்சு முழுசா மிதிங்கம்மா." மிதித்தேன். முள் எழுந்தது, பாதி தூரம் போனதும் அப்படியே நின்றுவிட்டது. "விட்டுட்டு மறுபடி மிதிங்க." அதே இடம்.

"நீங்க ஓட்டறதுல ஒண்ணும் குறையில்லம்மா. கியரெல்லாம் சரியாத்தான் மாத்துறீங்க" என்றார். "காத்துதான் ஏறல. காத்து இல்லாம டீசலை மட்டும் கூட்டி விட்டதால புகையாப் போகுது."

எனக்கு ரோட்டோரமாக நிறுத்தி அவர் காலில் விழலாம் போல இருந்தது. சொல்லுங்க, இன்னொருதரம் சொல்லுங்க என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பின்னால் திரும்பி, "கேட்டீங்களா?" என்றேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரிந்திருக்காது.

பட்டறைக்குத் திரும்பிக் குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள். எங்கும் குமிழி இல்லை. ஏர் ஃபில்டர் சுத்தம். டர்போவின் காற்றாடியை விரலால் ஆட்டிப் பார்த்தார், ஆட்டமில்லை. பிறகு அந்தக் கதவுக் கம்பியைத் தள்ளுகிற டப்பாவில் கைப்பம்பை மாட்டிக் காற்று அடித்தார். ஒரு அழுத்து அழுத்துவதற்குள் கம்பி நகர்ந்து கதவு திறந்துகொண்டது.

"இதாம்மா. கதவு சீக்கிரமே திறந்துக்குது. டர்போ எவ்வளவு ஊதினாலும் பாதி வீணாப் போகுது. ஆனா இது தேஞ்சதில்ல." எட்டிப் பார்த்தார். "கம்பியோட நீளத்தை யாரோ கூட்டி வெச்சிருக்காங்க. வேணும்னேதான் வெச்சிருக்காங்க. லாக் நட்டெல்லாம் நல்லா இறுக்கிருக்கு."

கரி படிந்த அந்த நட்டைத் துணியால் துடைத்தார். துணி போன வழியில், நட்டிலிருந்து கம்பி வரைக்கும், பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு.

எனக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தினமும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டேதான் மாவு ஆட்டுகிறேன்.

டர்போ ஆறினால்தான் கை வைக்க முடியும், டீ சாப்பிடுங்க என்று பட்டறைக்காரர் எங்களை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். விஷயத்தை அவர் ஊகித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"ஏனுங்க, அந்தக் கோடு ஆரு போட்டது?" என்று கேட்டேன்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு, "நாந்தான் புள்ள. நீ லைசென்சுக்குப் போன அன்னிக்கு" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் டீ கிளாஸைத் தள்ளி வைத்தேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிதான் கத்தினேன். "ஊரே என்ற கால்ல பாத்துச்சு! உங்க தம்பி சிரிச்சாரு! நான் ராத்திரியெல்லாம் எனக்கு வரலியே வரலியேன்னு கெடந்தேன். பக்கத்துல படுத்துக்கிட்டு நீங்க கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க! உங்க வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மெதுவாப் போனா அடிபட மாட்டேன்னு நெனச்சேன்" என்றார். "லாரி ஓட்டறப்ப ரோட்டுல எத்தனையப் பாத்திருக்கேன், உனக்குச் சொன்னதுகூட இல்ல. நீ வண்டி ஓட்டக் கெளம்புனன்னிக்கு அதெல்லாம் கண்ணு முன்னால வந்துருச்சு. கண்ணுதான் போச்சு, போகட்டும். நீயும் போயிட்டா நான் என்ன புள்ள பண்ணுவேன்? எனக்கு ஆரு இருக்கறா?"

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"சொல்லோணும் சொல்லோணும்னு இருந்தேன். நாளாக ஆக வாயே வரல. அன்னிக்கு பஸ் வந்துச்சு பாரு, அப்பத் தெரிஞ்சுது. உன்னக் கொல்லப் பாத்தது உன்ற காலு இல்ல. என்ற கையி." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

என் கோபம் ஒரு டீயில் கரைகிற கோபம் இல்லை. வீட்டுக்குப் போயும் கொஞ்ச நாள் அதை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த பெஞ்சில், துண்டுக்குள் குலுங்குகிற அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பாவமாகத்தான் இருந்தது. மஞ்சள் கோடு வெளிவந்துவிடும் என்று தெரிந்துதானே இந்தப் பட்டறைக்கு என்னைக் கூட்டி வந்தார்? வாயால் சொல்ல முடியாததை வண்டியே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறார். எத்தனையோ மலை ஏறி இறங்கின லாரிக்காரனுக்கு இவ்வளவு பயமா என்று நினைத்தேன். அந்தப் பயம் முழுக்க என்னைப் பற்றியது என்றும் நினைத்தேன்.

"எந்திரிங்க" என்றேன். "திருகி வெச்சது நீங்கதானே. நீங்களே திருப்புங்க."

பட்டறைக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. கம்பியின் முனைக் கிளிப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு நட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தேடிப் பிடித்தார். பிடித்த பிறகு விரல்களுக்குத் தடுமாற்றமே இல்லை. கம்பி முனையை உள்பக்கமாகக் கொஞ்சம் திருகிக் குறைத்து மாட்டினார். கைப்பம்பில் காற்று அடித்துப் பார்த்தார்கள், கதவு இப்போது தாமதித்துத் திறந்தது. ஏற்றி வைத்திருந்த டீசலைப் பட்டறைக்காரர் பழைய அளவுக்கு இறக்கினார். மறுபடி பைபாஸ். முள் முன்பு நின்ற இடத்தைத் தாண்டிப் போயிற்று, ஆனால் இன்னும் போக வேண்டுமாம். திரும்பி வந்தோம், ஆறவிட்டோம், இன்னும் கொஞ்சம் குறைத்தோம், போனோம். இந்தத் தடவை மிதித்தபோது சீட்டு என் முதுகைப் பிடித்துத் தள்ளியது. ஆத்தாடி! புகையே இல்லை. முள் போய் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

"இன்னும் ஒரு சுத்துக் கொறைச்சா இன்னும் இழுக்குமுங்களே?" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல். நேற்று வரைக்கும் வண்டியை ஆமையாக்கி வைத்திருந்த அதே மனுஷன்தான்! லாரிக்காரப் புத்தி எங்கே போகும்?

"கூடாதுங்கய்யா. இதுக்கு மேல போனா இன்ஜின் கேஸ்கட் போயிடும். இதுதான் இந்த வண்டிக்கு அளவு" என்றார் பட்டறைக்காரர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வருவது பெரிய தொல்லை.

லாக் நட்டை இறுக்கியதும் என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில், "பெயிண்ட் இருக்குதுங்களா?" என்று கேட்டார். பட்டறையில் சிவப்புதான் இருந்தது. பிரஷை அவர் கையிலிருந்து பிடுங்கி அந்தக் கோட்டை நான் போட்டேன்.

விருந்தன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று அண்டாக்களை ஏற்றிக்கொண்டு நாங்கள் இருவரும் காரில். அடிவாரத்தில் சீட்டை ஒரு இழுப்பு முன்னால் இழுத்துக்கொண்டேன். முதல் கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியருக்கு மாற்றித் திருப்பி, மிதித்தேன். சன்னமாக ஒரு விசில் சத்தம் எழுந்தது, கார் ஏறியது. அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு. பாதி மலையில் எங்கள் வேனையே பிடித்துவிட்டோம். அது முக்கிக்கொண்டிருந்தது. மேலே ரோடு நேராக, காலியாக இருந்தது. வேன்காரர் கையை நீட்டி வழி விட்டார். நான் தயங்கினேன். மல்லூரில் எதிரே வந்த அந்த பஸ் கண்ணில் வந்து நின்றது.

பக்கத்திலிருந்து, "மிதி புள்ள" என்றார் அவர்.

மிதித்தேன். வேனின் ஜன்னலில் கொழுந்தனார் முகம் வந்தது, பின்னால் போயிற்று. கை காட்டினாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.

விருந்து முடிந்து, மகளைப் பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்து, மலை இறங்கினோம். கையில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்திருந்தேன். அதை அவள் மோந்துகூடப் பார்க்கவில்லை. மருமகன் அனுப்பிய மிளகுப் பொட்டலம், மாமியார் கட்டி விட்ட பலகாரம் என்று ஏதேதோ பேசிக்கொண்டு வந்தவள், சீட்டுக்கு நடுவே குனிந்து முன்னால் எட்டிப் பார்த்தாள். ஓட்டை விழுந்த அந்த மேட் மேல் அவர் கால்கள் இரண்டும் சம்மணமிடாத குறையாகப் பின்னிக்கொண்டு சும்மா கிடந்தன.

"என்னப்பா, இன்னிக்கு நீங்க பிரேக் மிதிக்கல?" என்று கேலி பண்ணினாள்.

"உங்கம்மா மிதிச்சுக்குவா சாமி" என்றார். சொல்லிவிட்டுச் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. வளைவில் கையை எடுத்துத் துடைக்க முடியாது. இரண்டாவது கியருக்கு மாற்றி, மெல்ல, மெல்ல இறக்கினேன்.